குசும்புக்கு ஒரு ரிப்ளை பட்டன் வேணுமுங்க!

கோவையில் ஏதாவது ஒரு மோட்டார் பம்ப் கடைக்குள் போய், "இந்த மோட்டார் எத்தனை வருஷம் உழைக்குமுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. "உங்க கெணத்துல தண்ணி எத்தனை வருஷத்துக்கு இருக்கும்னு நீங்க சொல்லுங்க, மோட்டார் எத்தனை வருஷம் இருக்கும்னு நான் சொல்றனுங்க" என்பார். கேட்டவர் சிரிப்பார். பக்கத்தில் ஃபுட் வால்வு வாங்க நிற்கிறவரும் சிரிப்பார். சொன்னவர் மட்டும் சிரிக்காமல் பில் போட்டுக்கொண்டிருப்பார்.

அதே மாதிரிக் கடையிலிருந்து மாதம் ஒரு முறை வரும் மெயிலைத் திறந்தால் வேறு ஆள் பேசுகிறார். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, எங்கள் நிறுவனத்தின் மேலான வணக்கங்கள். தரம், சேவை, நம்பிக்கை ஆகிய மூன்றையும் தாரக மந்திரமாகக் கொண்டு..." பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கும். மூன்றாவது வரிக்குள் வாசகரின் கட்டை விரல் அதை மேலே தள்ளிவிடுகிறது. கல்லாவில் ஊரையே சிரிக்க வைக்கிற மனிதர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏன் இப்படி வெறைத்துப் போகிறார்?

பயம்தான். அந்தப் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது.

கோவைக் குசும்பு என்று ஊர் உலகம் சொல்வது வெறும் ஜோக் அல்ல. மரியாதையைக் குறைக்காமல் காலை வாரும் வித்தை அது. "ஏனுங்க", "சொல்லுங்க", "போங்க" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டே இருக்கும். வாரிவிடுகிற கையும் அந்த 'ங்க'தான், விழாமல் பிடிக்கிற கையும் அதுதான். கூடவே குரலின் இழுவை, சிரிக்காத முகம், ஓரக்கண் பார்வை. எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் உடனே "சும்மா சொன்னனுங்க, டீ சாப்பிடுங்க" என்று பேச்சைத் திருப்பிவிடலாம். மெயிலில் இழுவையும் கிடையாது, முகமும் கிடையாது, டீயும் கிடையாது.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற உளவியல் ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் சொல்ல வேண்டும். கேட்பவர் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். 100-க்கு 78 முறை சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் சொன்னபோது 73 முறை சரியாக இருந்தது. மெயிலில் 56. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 வந்துவிடுமே! எழுதியவர் தன் மெயிலைத் தன் குரலிலேயே மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார். படிப்பவர் காதில் அந்தக் குரல் விழுவதில்லை. சிக்கல் இவ்வளவுதான், ஆனால் இதில் சிக்காதவர்கள் குறைவு.

அதற்காக எழுத்தில் குசும்பே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. மெயில் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் மளிகைக் கடைகள் எழுத்தில் குசும்பு செய்தவைதான். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற போர்டை நினைத்துப் பாருங்கள். கடன் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஒறம்பரை முறிந்துவிடும். போர்டு அதைச் சொல்லாமல் சொல்கிறது. நாளைக்கு வந்தாலும் போர்டில் 'இன்று ரொக்கம்' என்றுதான் இருக்கும். கேட்க வந்தவர் சிரித்துவிட்டுப் பையைத் திறப்பார். மறுக்கப்பட்டோம் என்ற கூச்சம் அவருக்கு இல்லை, மறுத்தோமே என்ற வெசனம் கடைக்காரருக்கும் இல்லை. நான்கே சொற்கள். எந்த மார்க்கெட்டிங் படிப்பும் படிக்காமல் எழுதியது.

(ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேண்டாத விளம்பர மெயிலுக்கு 'ஸ்பாம்' என்று பெயர் வந்ததே ஒரு காமெடியால்தான். ஸ்பாம் என்பது 1937-லிருந்து அமெரிக்காவில் விற்கும் டின் இறைச்சி. 1970-ல் மான்ட்டி பைத்தான் என்ற இங்கிலாந்துக் காமெடிக் குழு ஒரு நாடகம் போட்டது. ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் ஸ்பாம், ஸ்பாம் என்று பாடியே மற்றவர் பேச்சை மூழ்கடிப்பார்கள். இன்பாக்ஸை மூழ்கடிக்கும் மெயில்களுக்கு அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.)

மெயிலில் சிரிக்க வைத்தே பெரிதாக வளர்ந்த கம்பெனி என்றால் சிகாகோவின் க்ரூப்பான். 2008-ல் தொடங்கியது. தினம் ஒரு தள்ளுபடிக் கூப்பனை மெயிலில் அனுப்பும். பல் சுத்தம் செய்யும் கூப்பனாக இருந்தாலும் மசாஜ் கூப்பனாக இருந்தாலும், கூடவே நாலு வரி சம்பந்தா சம்பந்தமில்லாத கோமாளித்தனம் இருக்கும். அதற்கென்றே பெரிய எழுத்தாளர் படையைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். கூப்பன் வேண்டாதவர்கள்கூட அந்த வரிகளுக்காக மெயிலைத் திறந்தார்கள்.

2011 பிப்ரவரி 6-ம் தேதி அமெரிக்காவின் மிகப் பெரிய கால்பந்துப் போட்டியான சூப்பர் பௌலின்போது அந்தக் கம்பெனி டி.வி-யில் ஒரு விளம்பரம் போட்டது. நடிகர் டிமத்தி ஹட்டன் சோகமாக வருகிறார். திபெத் மக்கள் துன்பத்தில் இருக்கிறார்கள், அவர்கள் பண்பாடே ஆபத்தில் இருக்கிறது என்கிறார். அடுத்த நொடியே, ஆனாலும் அவர்கள் அருமையான மீன் குழம்பு வைக்கிறார்கள், அதை நாங்கள் சிகாகோவில் பாதி விலைக்குச் சாப்பிட்டோம் என்கிறார். பிரபலங்கள் நடிக்கும் நன்கொடை விளம்பரங்களைக் கேலி செய்வதுதான், அதாவது தங்களையே கேலி செய்துகொள்வதுதான் நோக்கம் என்று கம்பெனி விளக்கிப் பார்த்தது. பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. அடிபட்டவன் ஒருவன், அவன் பெயரைச் சொல்லி விற்கிறவன் இன்னொருவன் என்றுதான் தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் விளம்பரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அதே கம்பெனியின் அதே தலைவர் ஆண்ட்ரூ மேசன், 2013 பிப்ரவரி 28 அன்று ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குடும்பத்தோடு அதிக நேரம் செலவிட விரும்புவதால் பதவி விலகுகிறேன் என்று, பெரிய கம்பெனித் தலைவர்கள் வழக்கமாகப் பாடும் பாட்டோடு ஆரம்பித்தார். அடுத்த வரியிலேயே, சும்மா சொன்னேன், இன்றைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று எழுதினார். ஏன் தூக்கினார்கள் என்ற காரணத்தையும் மறைக்கவில்லை. அந்தக் கடிதத்தை உலகமே ரசித்துப் படித்தது. கம்பெனியும் ஒன்றுதான், தலைவரும் ஒருவர்தான். முதல் தடவை அடி திபெத்காரர் மேல் விழுந்தது. இரண்டாவது தடவை தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிகாகோ வரை போக வேண்டியதில்லைதான். உடுமலைப் பக்கத்தில் பிறந்த கவுண்டமணி போதும். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காமெடியை எத்தனை தலைமுறை பார்த்தாலும் சிரிக்கும். அங்கே திட்டும் அடியும் செந்திலுக்கு. நாம் பத்திரமாக சோஃபாவில் இருக்கிறோம். பல வியாபார மெயில்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றன. "இன்னும் பழைய பம்பையே வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறீர்களா? கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு!" என்று எழுதிவிட்டு, கவுண்டமணி மாதிரி எழுதியதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மெயிலில் சோஃபா கிடையாது. படிக்கிறவர் உட்கார்ந்திருப்பது செந்தில் இடத்தில்.

வாடிக்கையாளரைக் கிண்டல் செய்யாமல், தன்னையே கிண்டல் செய்துகொண்டு பேசினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோவையே ஓர் உதாரணம் தந்தது. அது மெயில் அல்ல, மேடை. ஆனால் வியாபாரக் குசும்பைப் பற்றி யார் யோசித்தாலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

2024 செப்டம்பர் 11. கொடிசியாவில் தொழில்துறையினரோடு ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துரையாடினார். அன்னபூர்ணா ஹோட்டல்களின் நிர்வாக இயக்குநர் சீனிவாசன் எழுந்தார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12 சதவீதம், வெறும் பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. படும் பாட்டைச் சொன்னார். வாடிக்கையாளர்கள் பன்னைத் தனியாகவும் க்ரீமைத் தனியாகவும் கேட்கிறார்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் என்றார். ஒரே குடும்பத்துக்கு விதவிதமாக பில் போட வேண்டியிருப்பதால் கம்ப்யூட்டரே திணறுகிறது என்றார். அரங்கம் சிரித்தது.

அந்தக் குசும்பின் கட்டுமானத்தைப் பாருங்கள். வாடிக்கையாளர் புத்திசாலி, கடைக்காரர்தான் விழிக்கிறார். வரி அட்டவணையைப் பற்றி எத்தனையோ சங்கங்கள் எத்தனையோ மனுக்கள் கொடுத்திருக்கும். அவையெல்லாம் ஃபைலுக்குள் போயின. பன்னும் க்ரீமும் மட்டும் இரண்டே நாளில் நாடு முழுக்கப் போயின. ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரிகூடப் படிக்காத பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சிக்கல் என்னவென்று புரிந்தது. நல்ல வியாபாரக் குசும்பு செய்ய வேண்டிய வேலை இதுதான்.

பேச்சில் இன்னொன்றும் இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த கோவை தெற்கு எம்.எல்.ஏ. வானதி சீனிவாசனையும் தங்கள் வழக்கமான வாடிக்கையாளர் என்று சொல்லி, வரும்போதெல்லாம் இதற்காகச் சண்டை போடுகிறார் என்று இழுத்துக்கொண்டார். கல்லாப் பக்கம் இப்படி உரிமையாகப் பேசுவது ஊர் வழக்கம்தான். ஆனால் பன்னுக்கு முகம் கிடையாது, மனிதருக்கு உண்டு. கேமரா ஓடுகிற மேடையில் உட்கார்ந்திருப்பவரால் கல்லா முன் நிற்பவரைப் போலத் திருப்பிக் குசும்பு செய்ய முடியாது.

மறுநாள் சீனிவாசன் நிதியமைச்சரைச் சந்தித்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியில் வந்தது. ஊர் கொதித்தது; ஒரு வியாபாரியின் சுயமரியாதைப் பிரச்னை என்று எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பின. தனிப்பட்ட உரையாடலின் காணொளியைக் கட்சிக்காரர்கள் வெளியிட்டதற்காக, அப்போது மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். ஒரு பன் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

அன்றைக்கு அந்த அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது சிரித்துவிட்டுப் போகிற பேச்சு. அரங்கத்தை விட்டு வெளியே வந்தபோதுதான் அதற்கு வேறு வேறு அர்த்தம் முளைத்தது. மெயிலின் கதியும் அதுவே. எழுதும்போது ஐந்நூறு வாடிக்கையாளருக்கு என்று நினைத்து எழுதுகிறோம். ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், அது யார் யார் கைக்கோ போய்விடும். அந்தக் குசும்பு கல்லாவைத் தாண்டியும் நிற்குமா என்பதை அனுப்பும் முன் ஒருமுறை யோசிக்கலாம். யோசித்துவிட்டு அனுப்பாமலே இருந்துவிடக் கூடாது என்பதும் முக்கியம். சீனிவாசன் மனுவை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் மன வருத்தம் வந்திருக்காது. யாருக்கும் எதுவும் புரிந்தும் இருக்காது. பின்னர் 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் வகைகளுக்கான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, தமிழ்நாட்டில் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த க்ரீம் பன்தான்.

சரி, கடைக்கு வருவோம். கிரைண்டர் கம்பெனி ஒன்று மெயில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெருமையையே எத்தனை மாதம் எழுதுவது? "எங்கள் கிரைண்டர் சத்தம் போடும். சத்தமே போடாத கிரைண்டர் வேண்டுமென்றால், அது ஓடாத கிரைண்டராகத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தால் படிப்பார்கள். குறையை ஒத்துக்கொண்ட கடைக்காரர், அடுத்த வரியில் கல் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதையும் நம்புவார்கள். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. மாமியார், மருமகள், மனைவி என்று பழைய ஜோக் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். கிரைண்டரை வாங்குவதும் ஓட்டுவதும் பெரும்பாலும் யார்? அவரையே கேலி செய்து அவருக்கே விற்கப் பார்ப்பது குசும்பில் சேர்த்தி இல்லை, கிறுக்குத்தனம்.

விலையேற்றத்தைச் சொல்லும் மெயில்தான் எழுதக் கஷ்டமானது. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று ஆரம்பித்தால் வாடிக்கையாளருக்கு வயிறு எரியும். "செம்பு விலை ஏறிவிட்டதுங்க. எங்கள் கம்பெனியில் ஏறாதது சேல்ஸ் மேனேஜர் சம்பளம் மட்டும்தான். அதனால் 1-ம் தேதி முதல் மோட்டார் விலையும் ஏறுகிறது. அதற்கு முன் வாங்கினால் பழைய விலை" என்று எழுதினால் செய்தி முழுசாகப் போய்ச் சேர்கிறது. வலி இரண்டு பேருக்கும் பொதுவாகிறது. இதில் தேதியும் விலையும் தெளிவாக இருக்க வேண்டும். சிரிக்க வைத்துவிட்டு விலையைப் பூசி மெழுகினால், முதலில் சிரித்தவருக்குத்தான் கோபம் அதிகம் வரும்.

குசும்பே கூடாத இடமும் உண்டு. சித்திரை வெயிலில் காயில் எரிந்துபோய், சர்வீஸுக்கு அனுப்பிய மோட்டார் வராமல், வாழை வாடிக்கொண்டிருக்கும் விவசாயிக்கு "கொஞ்சம் பொறுங்க, மோட்டாரும் கோடை விடுமுறையில் இருக்கிறது" என்று மெயில் போனால் என்ன ஆகும்? அவர் அந்தக் கம்பெனியை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: என்ன ஆச்சு, எப்போது வரும், அதுவரை மாற்று மோட்டார் கிடைக்குமா. நஷ்டம் அவர் பக்கம் இருக்கும்போது சிரிக்கும் உரிமையும் அவர் பக்கம்தான்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்களின் பாடு தனி. ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகும் மெயிலில் 'ங்க'வை எப்படி மொழிபெயர்ப்பது? முடியாது. அங்கே குசும்பைக் குறைத்துக்கொண்டு, டெலிவரி தேதியைச் சரியாகச் சொல்வதே புண்ணியம்.

கூகுளும் இப்போது நாட்டாமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024-ல் புது விதி போட்டது. ஒரே தட்டில் விலகிக்கொள்ளும் வசதி கொடுக்க வேண்டும். ஸ்பாம் என்று புகார் செய்வோர் எண்ணிக்கை 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். ஆயிரம் பேரில் மூன்று பேர் முகம் சுளித்தால் மற்ற 997 பேருக்கும் மெயில் போய்ச் சேர்வது சந்தேகமாகிவிடும். கல்லாவில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, கடைசியில் பல கம்பெனிகள் ஒரு காரியம் செய்கின்றன. 'நோ ரிப்ளை' என்ற முகவரியிலிருந்து மெயிலை அனுப்புகின்றன. பதில் போட்டால் திரும்பி வந்துவிடும். குசும்பு ஒருவர் ஆடும் ஆட்டமே அல்ல. ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் திருப்பிப் போட வேண்டும். கல்லாக்காரர் ஜோக் அடித்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டால் அவரைப் பற்றி ஊர் என்ன சொல்லும்?

பதில் வரும் முகவரி ஒன்றையும், அதைப் படிக்க ஓர் ஆளையும் வைத்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனி இப்படி எழுதட்டும்: "உங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்லங்க. தண்ணீர் இருந்தும் மேலே வரவில்லை என்றால் முழுப் பொறுப்பும் எங்களுடையதுங்க." ஈரோட்டுப் பக்கமிருந்தோ பல்லடத்திலிருந்தோ சாயங்காலத்துக்குள் ஒரு பதில் வந்து விழும்.

"தண்ணியும் இருக்குதுங்க, உங்க மோட்டாரும் நல்லாத்தான் இருக்குதுங்க. கரண்டுதான் இல்லீங்க. அதை மேல ஏத்தறதுக்கு ஏதாச்சும் பம்பு வெச்சிருக்கறீங்களா?"